பகலில் சமய ஆய்வு, இரவில் பேய்க்கதை: மிர்ச்சா எலியாடே பற்றி ஒரு நோக்கு

முன்னுரை

பல்கலைக்கழகம் ஒன்றில் சமய வரலாறு கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர். யோகம், தாந்திரிகம், தொன்மம், சடங்கு ஆகியவை பற்றி அவர் எழுதிய நூல்களைப் பல நாடுகளில் மாணவர்கள் பாடமாகப் படிக்கின்றனர். அவரே இரவில் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு, கல்லறையிலிருந்து எழுந்து வரும் பெண்ணைப் பற்றியும், நள்ளிரவில் வழிதவறிக் கடந்த நூற்றாண்டுக்குள் நுழைந்துவிட்ட மனிதர்களைப் பற்றியும் கதை எழுதுகிறார். இரண்டும் ஒருவர் கைவண்ணமா என்று வியப்புத் தோன்றுவது இயல்பே. அவர்தாம் ருமேனிய நாட்டில் பிறந்து அமெரிக்காவில் மறைந்த மிர்ச்சா எலியாடே (1907–1986).

இவருடைய கதைகளை ஓர் அறிஞரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவாரும் உண்டு. ஆராய்ச்சியை எளிமைப்படுத்திக் கதையாகச் சொன்னார் என்று பாராட்டுவாரும் உண்டு. இவ்விரு கருத்துகளும் போதா என்பது என் துணிபு. எலியாடே பகலில் எதனை மனிதனுக்கு மருந்து என்று எழுதினாரோ, அதனையே இரவில் நஞ்சு என்று எழுதினார். அவருடைய ஆய்வு நூல்களுக்கு மிகச் சிறந்த மறுப்புரை அவருடைய பேய்க்கதைகளே. மூன்று கதைகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து, அவற்றை அவருடைய ஆய்வுகளோடும் வாழ்க்கையோடும் ஒப்பு நோக்கியதில் எனக்குத் தோன்றியவற்றை ஈண்டு முன்வைக்கிறேன்.

அச்சமும் சமயமும்

பேய்க்கதைக்கும் சமய ஆய்வுக்கும் உள்ள உறவு எலியாடேயிடம் தொடங்கியதன்று. இங்கிலாந்தில் எம். ஆர். ஜேம்ஸ் (1862–1936) என்பார் இருந்தார். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியின் தலைவராகவும், பின்னர் ஈட்டன் கல்லூரியின் தலைவராகவும் விளங்கியவர். பழைய ஏட்டுச் சுவடிகளில் பெரும் புலமை உடையவர். விவிலியத்தில் சேர்க்கப்படாத பழைய நற்செய்திகளைத் தொகுத்து மொழிபெயர்த்து 1924இல் வெளியிட்டவர். கிறிஸ்துமஸ் காலத்தில் கல்லூரி அறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நண்பர்களுக்குத் தாம் எழுதிய பேய்க்கதைகளைப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். அவற்றின் முதல் தொகுதி 1904இல் வெளிவந்தது. பழைய சுவடியையோ புதைபொருளையோ தேடிப்போகும் அறிஞன், அதனோடு சேர்த்து உறங்கிக்கிடந்த தீமையையும் எழுப்பிவிடுவதே அக்கதைகளின் பொதுப் போக்கு.

இவ்வுறவுக்குக் கொள்கை அளவில் அடிப்படை அமைத்தவர் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ. அவர் 1917இல் வெளியிட்ட ‘புனிதம்’ என்னும் பொருள்படும் நூலில், சமய உணர்வின் வேரில் அன்பும் அறமும் மட்டும் இல்லை, நடுக்கமும் உண்டு என்று காட்டினார். மனிதனை ஈர்த்து அருகே இழுப்பதும், அதே நேரத்தில் அவனை நடுங்கவைத்துப் பின்வாங்கச் செய்வதும் ஆகிய இரு தன்மைகளும் புனிதத்துக்கு உண்டு என்பது அவர் கருத்து. பேயைக் கண்டு மயிர்க்கூச்செறியும் அச்சமும் அதே உணர்வின் தாழ்ந்த வடிவம் என்று அவர் கருதினார்.

தமிழ் பயின்ற நமக்கு இது புதிதாகத் தோன்றாது. சங்கப் பாடல்களில் வரும் ‘அணங்கு’ என்னும் சொல் தெய்வத்தையும் குறிக்கும். வருத்தும் ஆற்றலையும் குறிக்கும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுக்கும்போது, அணங்கை முதலில் வைத்து, விலங்கு, கள்வர் என்று தொடர்ந்து, தமக்கு மேலான இறையை, அதாவது அரசு முதலிய அதிகாரத்தை, நான்காவதாக வைக்கிறார். இந்த முதலையும் நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு படிப்போரை வேண்டுகிறேன். எலியாடேயை அளப்பதற்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

புக்காரெஸ்டிலிருந்து ரிஷிகேசம் வரை

எலியாடே 1907இல் புக்காரெஸ்ட் நகரில் பிறந்தார். 1928இல் ரோம் நகர நூலகம் ஒன்றில் சுரேந்திரநாத் தாஸ்குப்தாவின் இந்தியத் தத்துவ வரலாற்று நூலைப் படித்தார். அந்நூல் வெளிவர உதவிய காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்திக்கு நூலின் முன்னுரையில் நன்றி கூறப்பட்டிருந்தது. உடனே அந்த மகாராஜாவுக்கே ஒரு கடிதம் எழுதினார், இந்தியாவில் படிக்க உதவி வேண்டி. முன்பின் அறியாத இளைஞனின் கடிதத்துக்கு மகாராஜா இசைவு தெரிவித்து விடை எழுதினார் என்பது வியப்புக்குரிய செய்தி. நூலின் முன்னுரையைப் படிக்காமல் தள்ளிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஒரு முன்னுரை ஒருவருடைய வாழ்க்கையையே திருப்பியது என்பதற்கு இது சான்று.

1928ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பில் கரையிறங்கித் தென்னிந்தியா வழியாகச் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையில், சுவடிகளை ஆராய்ந்துகொண்டிருந்த தாஸ்குப்தாவை முதன்முதலாக நேரில் கண்டார். பின்னர்க் கல்கத்தாவுக்குச் சென்று அவரிடம் சமஸ்கிருதமும் யோக தத்துவமும் பயின்றார். 1930இல் ஆசிரியர் இல்லத்திலேயே தங்கினார். அவ்வில்லத்து மகள் மைத்ரேயியிடம் கொண்ட காதல் வெளிப்பட்டபோது அவ்வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். 1933இல் அவர் எழுதிய ‘மைத்ரேயி’ நாவலும், அதற்கு விடைபோல மைத்ரேயி தேவி 1974இல் வங்க மொழியில் எழுதிச் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவலும் பலரும் அறிந்தவை. நம் பொருளுக்கு வேண்டியது அதன்பின் நடந்தது. ஆசிரியரை இழந்த அவ்விளைஞர் ரிஷிகேசம் சென்று, கங்கைக் கரைக் குடில் ஒன்றில் சில மாதங்கள் தங்கி யோகம் பழகினார். அங்கு அவருக்கு வழிகாட்டியவர் சுவாமி சிவானந்தர்.

சிவானந்தர் 1887இல் நம் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்தவர். பத்தமடை என்றதும் கோரைப்பாய்தான் நம் நினைவுக்கு வரும். அவ்வூர்ப் பிள்ளை மருத்துவம் கற்று, மலேயாவில் மருத்துவராகப் பணிபுரிந்து, 1924இல் ரிஷிகேசம் சென்று துறவு பூண்டார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். இவரை எலியாடே தம் பேய்க்கதையில் ஒரு பாத்திரமாகவே ஆக்கியுள்ளார். அதனைப் பின்னர்க் காண்போம்.

1931இல் தாயகம் திரும்பிய எலியாடே, யோகத்தைப் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்று, புக்காரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் நாயே யோனெஸ்கு என்னும் பேராசிரியருக்கு உதவியாளராக விரிவுரை ஆற்றத் தொடங்கினார். 1936இல் யோகம் பற்றிய ஆய்வு நூல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ‘செல்வி கிறிஸ்டினா’ என்னும் பேய்க்கதையும் வெளிவந்தது.

கல்லறையிலிருந்து வந்த காதலி

டான்யூப் ஆற்றை அடுத்த சமவெளியில் ஒரு பழைய பண்ணை மாளிகை. அங்கே திருமதி மோஸ்கு, அவர் மூத்த மகள் சாந்தா, 9 வயதுச் சிறுமி சிமினா ஆகியோர் வாழ்கின்றனர். சாந்தாவை விரும்பும் ஓவியன் எகோர் விருந்தினனாக வருகிறான். அகழாய்வு செய்யும் பேராசிரியர் நாசரியேயும் வந்து தங்குகிறார். மாளிகையில் கிறிஸ்டினா என்னும் இளம்பெண்ணின் ஓவியம் ஒன்று தொங்குகிறது. அவள் திருமதி மோஸ்குவின் தமக்கை. 1907ஆம் ஆண்டு உழவர் கிளர்ச்சியின்போது, பண்ணைக் காரியஸ்தன் கையால் சுட்டுக் கொல்லப்பட்டவள். ஆனால் அவ்வீட்டார் அவளைப் பற்றி இறந்தவள் போலப் பேசுவதில்லை. ஊரில் ஆடுமாடுகள் காரணமின்றிச் சாகின்றன. சாந்தா நாளுக்கு நாள் வெளிறி மெலிகிறாள். இரவில் எகோரின் அறையில் வயலட் மலரின் மணம் எழுகிறது.

இறந்தும் இறவாதவராய்த் திரும்பி வந்து உயிர்களை உறிஞ்சுவோரை ருமேனிய நாட்டுப்புற மக்கள் ‘ஸ்த்ரிகோய்’ என்பர். நாட்டார் வழக்காற்றை நன்கறிந்த எலியாடே அந்நம்பிக்கையை மாற்றாமல் அப்படியே எடுத்தாள்கிறார். கதை முடிவில் எகோர் நிலவறைக்குள் இறங்கி, இரும்பை நிலத்தில் பாய்ச்சி அவளை இரண்டாம் முறை கொல்கிறான். மாளிகை தீப்பற்றி எரிகிறது. சாந்தாவும் பிழைக்கவில்லை.

இக்கதையில் என் உள்ளத்தை மிகவும் உறுத்தியது கிறிஸ்டினா அல்லள், சிறுமி சிமினாவே. பெரியவர்கள் அஞ்சுகின்ற இடத்தில் அக்குழந்தை புன்னகை செய்கிறது. இறந்தவளோடு உறவாடும் அக்குழந்தைக்கு உயிரோடு இருப்பவர்கள் பொருட்டல்ல. பழமை ஒரு வீட்டுக்குள் மீண்டும் வந்து குடியேறினால் முதலில் அது பிடித்துக்கொள்வது குழந்தையை என்பதை இதனினும் நன்றாகச் சொல்ல முடியாது.

ஆண்டுக் கணக்கையும் கருத வேண்டும். 1907 கற்பனை ஆண்டன்று. அவ்வாண்டில் ருமேனிய உழவர்கள் நிலக்கிழார்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அரசு படையை ஏவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எலியாடே பிறந்த ஆண்டும் அதுவே. தாம் பிறந்த ஆண்டில் நாடு சிந்திய குருதியைப் பேயாக்கி, ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் அதனை மீண்டும் நடமாட விட்டார் அவர். மறக்கப்பட்டதும் தீர்க்கப்படாததுமான வன்முறை திரும்பி வரும் என்னும் அறிவு இக்கதைக்குள் உள்ளது.

ஒரு லெய் வழக்கு

இக்கதையால் எலியாடே தம் வேலையை இழந்தார். கதையில் சிறுமி சிமினா வரும் பகுதிகளும் காதல் காட்சிகளும் ஆபாசம் என்று செய்தித்தாள்களில் கண்டனம் எழுந்தது. 1937இல் பல்கலைக்கழகப் பணி அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அவர் கல்வி அமைச்சகத்தின் மீது வழக்குத் தொடுத்தார். கேட்ட இழப்பீடு ஒரே ஒரு லெய். நம் நாட்டு வழக்கில் ஒரு ரூபாய் கேட்டு வழக்காடுவது போன்றது அது. வழக்கில் வென்று மீண்டும் பணியில் அமர்ந்தார்.

எழுத்தாளரின் கற்பனையையும் ஆசிரியரின் ஒழுக்கத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் போக்கு எல்லா நாட்டிலும் உண்டு. இவ்வழக்கில் நம் பரிவு எலியாடேயின் பக்கமே நிற்கும். நிற்கவும் வேண்டும். ஆயினும் இந்த 1937ஆம் ஆண்டுக்கு இன்னொரு முகம் உண்டு. அதனைச் சொல்வதற்கு முன் மற்ற இரு கதைகளையும் காண்போம். அவை 1940இல் ஒரே நூலாக வெளிவந்தவை.

வங்கக் காட்டில் ஓர் இரவு

‘செராம்பூர் இரவுகள்’ என்னும் கதை கல்கத்தாவை அடுத்த செராம்பூர்ப் பகுதியில் நடக்கிறது. கதை சொல்லும் இளைஞரோடு செல்லும் இரு கீழ்த்திசை அறிஞர்கள் போக்தானோவ், வான் மானென் ஆகியோர். இவர்கள் உண்மையில் வாழ்ந்தவர்கள். டச்சுக்காரரான யோஹான் வான் மானென் வங்காள ஆசியக் கழகத்தின் செயலாளராக இருந்தவர். அதற்கு முன் அடையாறு நூலகத்தில் பணியாற்றியவர்.

மூவரும் நண்பர் ஒருவரின் பங்களாவில் மாலைப் பொழுதைக் கழிப்பது வழக்கம். ஓரிரவு காரில் திரும்பும்போது வழி தவறுகிறது. இருட்டில் ஒரு பெண்ணின் அலறல் கேட்கிறது. உதவச் சென்றவர்கள் காட்டுக்குள் அலைந்து, நீலாம்பர தாசர் என்பவருடைய பழைய வீட்டை அடைகின்றனர். அவ்வீட்டில் துக்கம். லீலா என்னும் இளம்பெண் கொல்லப்பட்டிருக்கிறாள். பின்னர் விசாரித்தால், அந்த வீடும் அந்த மனிதரும் அந்தக் கொலையும் ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முந்தையவை என்று தெரிய வருகிறது. அப்பகுதியில் தாந்திரிகச் சடங்கு செய்துகொண்டிருந்த சுரேன் போஸ் என்னும் பேராசிரியர், தம் சடங்குக்கு இடையூறு வராதிருக்க இவர்களை வேறொரு காலத்துக்குள் தள்ளிவிட்டார் போலும் என்று எண்ண இடம் தருகிறது கதை.

இதன் பிற்பகுதியில்தான் நம் பத்தமடைத் துறவி வருகிறார். ஆண்டுகள் சில கழிந்தபின் கதைசொல்லி இமயச் சாரலில் சுவாமி சிவானந்தரைச் சந்தித்து அந்நிகழ்ச்சியைக் கூறுகிறார். தாம் கண்டுபிடித்த விளக்கத்தையும் கூறுகிறார். சுவாமி அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. காலம் பற்றிய உண்மை அவ்வளவு எளிதன்று என்பதை வாதத்தால் நிறுவாமல், அவரை மீண்டும் அந்தக் காட்டுக்குள்ளேயே கொண்டு நிறுத்திக் காட்டுகிறார். ஒரு முறை வேண்டி நின்ற அறிவைத் தாங்க மாட்டாமல், போதும் போதும் என்று கதைசொல்லி நடுங்குவதோடு கதை முடிகிறது.

வகுப்பில் நாம் மாயை என்றும் காலம் என்றும் தத்துவச் சொற்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அச்சொற்கள் மெய்யானால் நம் காலடி நிலமே நழுவும் என்பதை இக்கதை உணர்த்துகிறது. மாயை பற்றிய எந்தப் பாட நூலும் எனக்குத் தராத நடுக்கத்தை இக்கதையின் கடைசிப் பக்கங்கள் தந்தன.

திரும்ப முடியாத மருத்துவர்

மூன்றாவது கதை ‘டாக்டர் ஹோனிக்பெர்கரின் இரகசியம்’. ஹோனிக்பெர்கரும் வரலாற்று மனிதரே. இன்று ருமேனியாவில் உள்ள பிரசோவ் நகரில் 1795இல் பிறந்து, லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங்கின் அவையில் மருத்துவராக இருந்தவர். ஹோமியோபதி மருத்துவத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவராகக் குறிக்கப்படுபவர். 1869இல் மறைந்தார்.

கதையில் செர்லெண்டி என்னும் புக்காரெஸ்ட் மருத்துவர் இவருடைய வரலாற்றை எழுத முற்பட்டு, 1910இல் வீட்டிலிருந்தே மறைந்துவிடுகிறார். உடைகள் இருக்கின்றன, பணம் இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை. ஆண்டுகள் பல கழிந்தபின், அவர் விட்ட பணியை முடித்துத் தருமாறு அவர் மனைவி கதைசொல்லியை அழைக்கிறார். நூலகத்தில் கிடைக்கும் நாட்குறிப்பு நாகரி எழுத்தில் எழுதப்பட்டது. மொழியோ ருமேனியம். யோகப் பயிற்சியால் பிறர் கண்ணுக்குப் புலனாகாத நிலையை அடைந்த மருத்துவர், அந்நிலையிலிருந்து திரும்பத் தெரியாமல் தம் வீட்டிலேயே மறைந்து வாழ்ந்ததை அது சொல்கிறது. சில காலத்துக்குப் பின் கதைசொல்லி மீண்டும் அவ்வீட்டுக்குச் செல்கிறார். அவ்வீட்டார் அவரை அறிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நூலகமும் எப்போதோ கலைக்கப்பட்டுவிட்டது என்கின்றனர்.

யோகத்தை ‘மரணமின்மையும் விடுதலையும்’ என்று பின்னர் நூல் தலைப்பிலேயே போற்றிய அறிஞர், அந்த விடுதலையை அடைந்தவனின் மனைவி வாயிலில் எத்தனை ஆண்டு காத்திருக்கிறாள் என்று கதையில் எண்ணிப் பார்த்திருக்கிறார். ஆய்வு நூலில் அந்த மனைவிக்கு இடமில்லை. கதையில்தான் இடம் உண்டு.

இரு எழுத்துகளின் முரண்

இனி நம் துணிபுக்கு வருவோம். எலியாடேயின் ஆய்வுகளுள் பெரும்புகழ் பெற்றது 1949இல் வெளிவந்த ‘நித்தியத் திரும்புகையின் தொன்மம்’. அதன் சாரம் இது: பழங்கால மனிதன் சடங்கின் வழியாகப் படைப்பின் தொடக்கக் காலத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்கிறான். அதனால் அவனுக்குக் காலத்தின் சுமை இல்லை. இன்றைய மனிதனோ திரும்பிச் செல்லும் வழியை இழந்து, பொருளற்ற நிகழ்ச்சிகளின் தொடரில் சிக்கி, வரலாற்றின் பயங்கரத்துக்கு ஆளாகிறான். இங்கே பழமைக்குத் திரும்புதல் மருந்தாகிறது, வரலாறு நோயாகிறது.

இதே எழுத்தாளரின் கதைகளை அருகில் வைத்துப் பாருங்கள். கிறிஸ்டினா திரும்புகிறாள், வீடு எரிகிறது. செராம்பூரில் 150 ஆண்டு திரும்புகிறது; மூவர் அறிவு கலங்குகின்றனர். செர்லெண்டி காலத்தைக் கடக்கிறார். வீட்டுக்கு வர வழியில்லை. ஆய்வில் எந்தத் திரும்புகை மனிதனுக்கு அடைக்கலமோ, கதையில் அதுவே அவனுக்குப் பேரிடர்.

இம்முரண்பாட்டை அவர் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் கூறவில்லை. தம் மனத்துக்குப் பகல் நெறி ஒன்றும் இரவு நெறி ஒன்றும் உண்டு, இரண்டும் சேர்ந்தால்தான் தமக்குச் சமநிலை என்று அவரே விளக்கியுள்ளார். 1937இல் வெளிவந்த ‘பாம்பு’ என்னும் கதையை ஏறத்தாழ இரண்டு வாரங்களில், இரவு நேரங்களில் எழுதி முடித்ததாகவும், பாம்பு வழிபாடு பற்றித் தாம் திரட்டி வைத்திருந்த குறிப்புகளை அதற்கு நாடவில்லை என்றும் குறிப்பிட்டுள்ளார். ஆராய்ச்சியாளர் உறங்கச் சென்றபின் கதாசிரியர் எழுந்து, அவர் சொல்லாமல் விட்டதை எழுதினார் என்று கொள்ளலாம்.

ஆய்வு நூலில் சான்றுகளைத் தொகுத்துக் கூறும்போது ஒரு வசதி உண்டு. ஆப்பிரிக்கச் சடங்கையும் ஆஸ்திரேலியத் தொன்மத்தையும் ஒரே பக்கத்தில் வைக்கலாம். சடங்கில் பலியானவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சிகாகோவில் எலியாடேயோடு பணியாற்றிய ஜோனதன் ஸ்மித் முதலியோர், அவர் இடத்தையும் காலத்தையும் நீக்கிவிட்டு ஒப்புமை மட்டும் காண்கிறார் என்று பின்னாளில் குறை கூறினர். பேய்க்கதையில் இந்த வசதி கிடையாது. ஒரு வீடு வேண்டும், ஓர் ஊர் வேண்டும், பெயருள்ள ஒருத்தி சாக வேண்டும். அந்தக் கட்டாயமே கதைக்கு உண்மையைத் தந்தது.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமை

இப்போது 1937ஆம் ஆண்டின் மறுமுகம். அக்காலத்தில் ருமேனியாவில் ‘இரும்புக் காவலர்’ எனப்பட்ட இயக்கம் வலுப்பெற்று வந்தது. 1927இல் கோத்ரியானு என்பவரால் தூதர் மிக்கேலின் பெயரில் தொடங்கப்பட்டது. நாட்டின் தூய பழமையை மீட்போம் என்றது. யூதர்கள் மீது வெறுப்பை வளர்த்தது. சாவைச் சடங்காக்கிப் போற்றியது. அவ்வியக்கத்தைச் சேர்ந்த இருவர் 1937 சனவரியில் ஸ்பெயின் போரில் மாண்டபோது, அவர்களைப் புகழ்ந்து எலியாடே இதழில் எழுதினார். அவ்வியக்கத்துக்கு ஆதரவாக வேறு கட்டுரைகளும் அவர் பெயரில் வெளிவந்தன. 1938இல் அரசு அவரைக் கைது செய்து முகாமில் அடைத்தது. அவ்வாண்டிலேயே விடுதலையானார். 1941 சனவரியில் அவ்வியக்கத்தினர் புக்காரெஸ்டில் நடத்திய வெறியாட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டனர். எலியாடே அப்போது அரசுப் பணியில் அயல்நாட்டில் இருந்தார்.

அவருடைய நெருங்கிய நண்பர் மிஹாயில் செபாஸ்தியன் என்னும் யூத எழுத்தாளர். நண்பர் ஒருவர் கண்ணெதிரே மாறிப்போவதைச் செபாஸ்தியன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1945இல் அவர் மறைந்தார். நாட்குறிப்பு 1996இல்தான் அச்சேறியது. அது வெளிவந்தபின், தம் இளமைக்கால அரசியலை நேர்நின்று சொல்லாமலே மறைந்த எலியாடேயின் மௌனம் இன்னும் கனத்தது.

இதனோடு இன்னொரு துயரமும் சேர்ந்தது. எலியாடேயைப் பின்பற்றிச் சிகாகோவுக்கு வந்தவர் யோவான் குலியானு. அவரும் ருமேனியர், அவரும் சமய வரலாற்று அறிஞர், அவரும் மாயக் கதைகள் எழுதியவர். தம் ஆசிரியரின் பழைய அரசியலைப் பற்றி வினா எழுப்பியவர். தாயகத்து அதிகார பீடங்களைத் துணிந்து சாடி எழுதியவர். 1991 மே 21 அன்று பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 41. கொன்றவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

தொல்காப்பியர் வகுத்த நான்கை இங்கே நினைவுகூர வேண்டும். முதலாவதான அணங்கின் அச்சத்தை எலியாடே போல எழுதியவர் சிலரே. நான்காவதான இறையின் அச்சம், அதாவது அதிகாரத்தையும் அதனைத் தேடி அணிவகுத்து வரும் கூட்டத்தையும் கண்டு அஞ்சும் அச்சம், தேவைப்பட்ட நேரத்தில் அவரிடம் இல்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடையார் தொழில் என்பது வள்ளுவர் காட்டும் நெறி. இரவில் எழுதிய கதையில் அந்த அறிவு அவருக்கு இருந்தது. திரும்பி வரும் பழமை அழகிய பெண்ணுருவில் வரும், நறுமணத்தோடு வரும், குழந்தைகளை முதலில் கவரும், இறுதியில் வீட்டை எரிக்கும் என்று 1936இல் எழுதியவர் அவரே. 1937இல் அதே பழமை கொடிபிடித்துத் தெருவில் வந்தபோது அவர் அடையாளம் காணவில்லை.

முடிவுரை

எலியாடே 1945க்குப் பின் பாரிசில் வாழ்ந்து, 1956இல் சிகாகோ சென்று, அங்கேயே பேராசிரியராகி, 1986இல் மறைந்தார். அவர் தலைமையில் உருவான 16 தொகுதிச் சமயக் கலைக்களஞ்சியம் மறு ஆண்டில் வெளிவந்தது. ‘செல்வி கிறிஸ்டினா’ 2013இல் ருமேனியாவில் திரைப்படமாகவும் வந்தது. ஆய்வும் கதையும் ஆகிய இரண்டும் அவருக்குப் பின் வாழ்கின்றன.

அவருடைய அரசியலைக் காட்டி அவருடைய நூல்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. நூல்களின் பெருமையைக் காட்டி அரசியலை மூடிவிடுவதும் தகாது. சமயத்தைக் கற்போர் அவருடைய ஆய்வு நூலை மேசையின் ஒருபுறமும் பேய்க்கதையை மறுபுறமும் வைத்துப் படிக்க வேண்டும். முன்னது, மனிதன் ஏன் பழமைக்கு ஏங்குகிறான் என்பதை விளக்கும். பின்னது, அந்த ஏக்கம் நிறைவேறினால் யார் சாகிறார்கள் என்பதைக் காட்டும்.

நம் கல்லூரி நூலகங்களில் சமயமும் தத்துவமும் ஓர் அலமாரியில் இருக்கின்றன. பேய்க்கதைகள் பெரும்பாலும் நூலகத்துக்குள் நுழைவதே இல்லை. விடுதியில் விளக்கணைந்தபின் நாம் சொல்லிக்கொள்ளும் முனியும் மோகினியும் ஆராய்ச்சிக்கு உரியனவல்ல என்று நாமே முடிவு செய்து வைத்திருக்கிறோம். ஓர் ஊரின் பேய்க்கதையை உசாவிப் பாருங்கள். அங்கே யார் நீதி கிடைக்காமல் செத்தார்கள், எந்தச் சாவை ஊர் மறக்கப் பார்க்கிறது என்பது தெரியவரும். கிறிஸ்டினாவின் கல்லறைக்கு அடியில் 1907 இருந்ததுபோல, நம் ஊர்ப் புளியமரத்துக்கு அடியிலும் ஓர் ஆண்டுக்கணக்கு இருக்கக்கூடும். அதனைத் தோண்டி எடுத்து எழுதுவது வரலாறு பயிலும் மாணவர்க்கும் சமயம் பயிலும் மாணவர்க்கும் உரிய பணி என்று கூறி அமைகிறேன்.